காகிதம் வரவில்லை என்று முதியோர் பென்ஷனை நிறுத்தாதீர்கள்

முதியோர், விதவையர் உதவித்தொகைத் திட்டங்களை நடத்தும் வருவாய்த் துறை உயர் அதிகாரிகளுக்கு,

ஆண்டுச் சரிபார்ப்புக்குக் காகிதம் கொடுக்கவில்லை என்று சொல்லி எங்கள் வட்டத்தில் பல முதியவர்களின் உதவித்தொகையை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டி யாருக்கும் தகவல் வரவில்லை. மாதாமாதம் வந்துகொண்டிருந்த 1,200 ரூபாய் ஒரு மாதம் வரவில்லை. சரி, தாமதமாகியிருக்கும் என்று காத்திருந்தார்கள். அடுத்த மாதமும் வரவில்லை. வங்கியில் கேட்டால், "எங்களுக்கே வரல, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க" என்றார்கள். தாலுகா ஆபீசில் பட்டியலைப் புரட்டிவிட்டு, "உயிர்வாழ் சான்று வரலையே பாட்டி" என்றார்கள். அந்தச் சான்றைக் கேட்டு ஊருக்குள் யாரும் போகவில்லை. கடிதம் கிடையாது. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு துண்டு நோட்டீஸ்கூடக் கிடையாது. கேட்காத காகிதத்தைக் கொடுக்கவில்லை என்று சாப்பாட்டுக் காசை நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பதோடு மனு எழுதிக் கொடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, போட்டோ பிரிண்ட் போடுவது எல்லாம் உண்டு. இந்தக் காகிதங்களால்தான் என் கடை நடக்கிறது. புதுப்பிக்கும் வேலை குறைந்தால் என் வருமானமும் குறையும். குறையட்டும். உள்ளே இருக்கும் ஊழியர்களின் மேசைக்கு வந்து சேருவது தயாரான காகிதம் மட்டும்தான். அது தயாராவதற்குள் வயதானவர்கள் படும் பாட்டை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தினமும் பார்க்கிறவன் நான்.

என்னென்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆதார் நகல், ஸ்மார்ட் கார்டு நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம், கடைசியாகப் பணம் வந்த பக்கம், இரண்டு போட்டோ, அதோடு கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்ட உயிர்வாழ் சான்று. ஒரு வருஷம் வருவாய் ஆய்வாளர் கையெழுத்தும் வேண்டும் என்பார்கள், இன்னொரு வருஷம் வேண்டாம் என்பார்கள். எந்த வருஷம் எது என்பது வரிசையில் நின்று மேசைக்குப் போன பிறகுதான் தெரியும். இதில் சான்றைத் தவிர மற்றதெல்லாம் அரசிடம் ஏற்கெனவே இருப்பவை. விண்ணப்பித்தபோது கொடுத்தார்கள், போன வருஷமும் கொடுத்தார்கள். அந்தக் கட்டுகள் எங்கே போயின என்று கேட்டால் பதில் இல்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நகல், போட்டோ, எழுதிக் கொடுப்பவருக்குக் கூலி. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து அலுவலகம்வரை நடக்க முடியாதவர்கள் ஆட்டோ பிடிக்கிறார்கள். கூட வரும் மகனோ மருமகளோ அன்றைய கூலியை இழக்கிறார்கள். விஏஓ அன்றைக்கு மீட்டிங் போயிருந்தால் இத்தனையும் இன்னொரு தடவை. கூட வர ஆளே இல்லாதவர்கள்தான் இந்தத் திட்டத்தில் அதிகம். ஆதரவற்றவர் என்று நீங்களே சான்று கொடுத்துச் சேர்த்துக்கொண்டவரிடம், யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பீடி சுற்றும் ஊர்கள் எங்களுடையவை. இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி விரல்கள் தேய்ந்துபோன பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அப்படி ஒரு ஆச்சி, எண்பதை நெருங்குகிறவர், சின்ன வயதிலேயே பீடித்தட்டை மடியில் வைத்தவர், கைரேகை வைக்க வந்திருந்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வரி ஒன்றும் இல்லாமல் வழுவழு என்று இருந்தன. ஈரத்துணியால் துடைத்து வைத்தார், விழவில்லை. எண்ணெய்ப் பசைக்காக விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தார், அப்போதும் விழவில்லை. "நல்லா அமுக்குங்க ஆச்சி" என்றார் இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த பையன். "இதுக்கு மேல எங்கிட்டு அமுக்க எய்யா, எலும்புதான் இருக்கு" என்றார் ஆச்சி. ஒவ்வொரு விரலாகப் பத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று. சரி, ஓடிபி போட்டுப் பார்ப்போம் என்றார்கள். ஆதாரில் இருந்த நம்பர் பேரனுடையது. பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது. ஓடிபி போன வேகத்தில் காலாவதியானது. ஆச்சி என் கடை வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "ஆளு இங்கதானே இருக்கேன், யாராச்சும் எட்டிப் பாத்தா என்ன?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் கொடுக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லவே கூசுகிறது. விதவை உதவித்தொகை வாங்கும் ஒரு பெரியம்மாவிடம், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதி, கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். எழுபதைத் தாண்டியவர். கணவர் இறந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் வாசகத்தை நான் அடித்துப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் ரேகை வைக்க வேண்டும். நகல் எடுக்க வந்தவர்கள் சுற்றி நிற்க, "என் கணவர் இறந்த பிறகு நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று உறுதி கூறுகிறேன்" என்று படித்தேன். அவர் தலை நிமிரவில்லை. ரேகை வைத்துவிட்டு விரலில் ஒட்டிய மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே போய்விட்டார். இந்தக் காகிதத்தால் இதுவரை எத்தனை ரூபாய் மிச்சமாயிற்று என்று யாராவது கணக்கு எடுத்தார்களா?

பெயர்க் குழப்பம் தனிக் கதை. ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், ரேஷன் அட்டையில் இனிஷியலே இல்லை. மாரியம்மாள் ஒன்றில், மாரியம்மா இன்னொன்றில். இந்த மூன்றையும் டைப் செய்தது யாரோ ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர். திருத்த அலைவது மாரியம்மாள். பிறந்த தேதியும் இப்படித்தான். அந்தக் காலத்தில் வீட்டில் பிறந்தவர்கள். ஆதார் எடுத்தபோது ஒரு வருஷத்தைச் சொல்லி, ஜனவரி 1 என்று போட்டுக்கொண்டார்கள். பிறகு வாக்காளர் அட்டையோடு ஒத்துப்பார்த்து, வயது இடிக்கிறது என்று மனுவைத் திருப்புகிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இறந்தவர் பெயரில் பணம் போவது உண்மையான பிரச்சினைதான். தேசிய சமூக உதவித் திட்டத்தைப் பற்றி மத்தியத் தணிக்கைத் துறை 2023 இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையும், பயனாளி இறந்த பிறகும் ஓய்வூதியம் போனதைச் சுட்டிக்காட்டியது. அது அலுவலகத்துக்குள் தகவல் ஒழுங்காக வந்து சேராத கோளாறு. அதைச் சரிசெய்ய, உயிரோடு இருப்பவர்கள் எல்லாரையும் வரிசையில் நிற்க வைப்பது எந்த ஊர் நியாயம்?

நம் கிராமங்களில் இறப்பைப் பதிவு செய்யும் பதிவாளர் யார்? கிராம நிர்வாக அலுவலர். 21 நாளுக்குள் இறப்பைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 1969 ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023 இல் திருத்தி, பதிவுகளை நாடு முழுக்க ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கவும் வழிசெய்திருக்கிறார்கள். ஆக, யார் இறந்தார் என்ற பதிவேடும் அந்த மேசையில்தான் இருக்கிறது, இவர் உயிரோடு இருக்கிறார் என்று கையெழுத்துப் போடும் பேனாவும் அதே மேசையில்தான் இருக்கிறது. பென்ஷன் பட்டியலையும் இறப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பது ஒரு அலுவலகத்தின் ஒரு வார வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்கு ஊரிலுள்ள கிழவிகள் எல்லாரும் பஸ் ஏறுகிறார்கள்.

அது மட்டுமா? 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்போம் என்று அரசு சொன்னது. வந்தார்கள். எங்கள் தெருவில் பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி, மாத்திரை கொடுத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் முதல்வரின் தாயுமானவர் திட்டம் வந்தது. வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு. அரிசியை எடை போட்டு ஆச்சி கையில் கொடுக்கும்போது ஆச்சி உயிரோடு இருப்பது ஒரு துறைக்குத் தெரிகிறது. ரத்த அழுத்தம் 150 என்று எழுதும்போது இன்னொரு துறைக்குத் தெரிகிறது. உங்கள் துறைக்கு மட்டும் தெரியாது, அதனால் ஆச்சியே வந்து சொல்ல வேண்டும் என்றால், அரசு என்பது ஒன்றா, பலவா?

மற்ற ஓய்வூதியர்களை எப்படி நடத்துகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்கள் 2020 இலிருந்து வருஷத்தில் எந்த மாதத்திலும் உயிர்வாழ் சான்று கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயதானவர்கள், எல்லாரும் சான்று கொடுக்கும் நவம்பர் மாத நெரிசலில் சிக்காமல் அக்டோபரிலேயே கொடுக்கலாம். முகத்தைக் காட்டிச் செல்போனிலேயே முடித்துக்கொள்ளும் வசதி 2021 இல் வந்தது. தமிழக அரசு ஓய்வூதியர் என்றால் 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரர் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் சான்று எடுத்துக் கொடுக்கிறார். நல்ல ஏற்பாடு, அவர்களுக்கு வேண்டியதுதான். பல ஆயிரம் ரூபாய் ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு வாசலில் கிடைக்கும் வசதி, 1,200 ரூபாய் வாங்கும் கூலிக்காரிக்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

வங்கிகள்கூட இறங்கி வந்திருக்கின்றன. ஆபத்துக் குறைவான கணக்குகளுக்கு 10 வருஷத்துக்கு ஒரு முறை கேஒய்சி (அடையாளம், முகவரி விவரம்) புதுப்பித்தால் போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விவரத்தில் மாற்றம் இல்லை என்றால், மாற்றம் இல்லை என்ற உறுதிமொழியே போதும். ஊருக்குள் பணம் கொண்டுவந்து கொடுக்கும் வங்கி முகவரே அதை வாங்கிக்கொள்ளலாம் என்று 2025 ஜூனில் சொல்லிவிட்டார்கள். (கிளைகளில் இது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு விஷயம், கேஒய்சி முடியவில்லை என்று கணக்கை முடக்கி, வந்த பென்ஷனையும் எடுக்க விடாமல் வைத்திருப்பதை என் கடையிலேயே பார்க்கிறேன்.) பணத்தைக் காக்கும் வங்கிக்கே ஒரு வரி உறுதிமொழி போதும் என்றால், உங்களுக்கு ஏன் ஒரு கட்டுக் காகிதம்?

கைரேகை விழவில்லை என்பதற்காக யாருக்கும் நலத்திட்ட உதவியை மறுக்கக் கூடாது, வேறு வழியில் அடையாளம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று 2017 இலேயே மத்திய அரசு எழுதியிருக்கிறது. 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அந்த உறுதியைப் பதிவு செய்துகொண்டது. இருந்தும் மேசைக்கு மேசை, "ரேகை விழலன்னா நாங்க என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். அந்த உத்தரவு அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மேசையில் மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார்.

2022 இல் ஹரியானாவின் ரோத்தக்கில் 102 வயதுப் பெரியவர் ஒருவரை இறந்துவிட்டார் என்று எழுதி ஓய்வூதியத்தை நிறுத்தினார்கள். அவர் மாப்பிள்ளை ஊர்வலம் போல மாலை போட்டு, ரதத்தில் ஏறி, நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஊரைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. செய்தியைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ரதம் ஏற்றிக் கூட்டிப்போக ஆள் இல்லாதவர்களை நான் தினமும் பார்க்கிறேன். மத்திய அரசு 1995 இல்தான் தேசிய அளவில் முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 1962 இலேயே தொடங்கிவிட்டது. இன்றைக்கும் 60 முதல் 79 வயதுவரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான், 80 க்கு மேல் 500. மிச்சத்தை நம் மாநிலம் போடுகிறது. இவ்வளவு மனசோடு கொடுக்கும் பணத்தைக் காகிதத்தின் பேரில் பிடுங்கலாமா?

நான் கேட்பது இவை.

சான்று வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருடைய உதவித்தொகையையும் நிறுத்தக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். இறப்புப் பதிவேட்டில் பெயர் இருந்தால் நிறுத்துங்கள். இல்லையென்றால், ஒரு ஊழியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, ஆள் இல்லை என்று தேதி போட்டுக் கையெழுத்திட்ட பிறகே நிறுத்துங்கள். எது வேண்டுமானாலும் தள்ளிப்போகலாம், இது தள்ளிப்போகக் கூடாது.

சரிபார்ப்பை முதலில் உங்கள் பக்கம் செய்யுங்கள். இறப்புப் பதிவு, ரேஷன் பதிவு, வீட்டுக்கு மாத்திரை கொடுத்த பதிவு மூன்றையும் ஒத்துப்பாருங்கள். இவற்றில் எதிலும் தட்டுப்படாதவர்கள் கொஞ்சம் பேர்தான் மிஞ்சுவார்கள். அவர்கள் வீட்டுக்கு மட்டும் கிராம உதவியாளரை அனுப்பினால் போதும். 80 வயதானவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் யாரையும் அலுவலகத்துக்கு அழைக்கவே கூடாது. ரேகை விழாதவருக்கு, வீட்டு வாசலில் ஊழியர் எடுத்த ஒரு போட்டோவையே சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்த நகலை மறுபடி கேட்காதீர்கள். புதிதாக ஏதாவது வேண்டும் என்றால் என்ன வேண்டும், எப்போதுக்குள் வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் எழுதி, குறைந்தது இரண்டு மாதம் முன்னால் வீட்டில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காகிதத்தை வாங்கியதும் முத்திரை போட்ட ஒரு ரசீது கொடுங்கள். இன்றைக்குக் கொடுத்தேன் என்று சொல்ல அவர்கள் கையில் எதுவுமே இல்லை.

பெயரில் ஒரு எழுத்து, இனிஷியலின் இடம், பிறந்த தேதி போன்ற வித்தியாசங்களை விஏஓ ஒரு குறிப்பு எழுதி ஏற்றுக்கொள்ள அதிகாரம் கொடுங்கள். மறுமணம் செய்யவில்லை என்ற உறுதிமொழியை அறுபது வயதைத் தாண்டிய பெண்களிடமிருந்து வாங்குவதை அடியோடு விட்டுவிடுங்கள். வங்கிகளைக் கூட்டி, கேஒய்சி முடியாததால் முடங்கிய உதவித்தொகைக் கணக்குகளை ஊரிலேயே முகாம் போட்டுத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, உடனே செய்ய வேண்டிய ஒன்று. சரிபார்ப்பின் பேரில் இந்த ஆண்டு நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலை, ஒவ்வொரு பெயருக்கும் காரணத்தோடு, அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். இறந்தவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் அடுத்த மாதத்திலிருந்து பணத்தை விடுங்கள், நிறுத்திய மாதங்களின் நிலுவையையும் சேர்த்து. அதற்கு அவர்களிடம் புது மனு கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்துபவன்,
திருநெல்வேலிப் பக்கம்